ஹெல்வி வண்டியை மூடிவைக்கும் மாதம்

டாங்கின் வாயருகே காதைக் கொண்டுபோய், பெட்ரோல் ஏறிவரும் சத்தத்தைக் கேட்டபடியே ஊற்றுகிறாள் ஹெல்வி கங்காஸ். கனமாக இருந்த சத்தம் மெலிந்து, கடைசியில் கீச்சென்று ஆனதும் கேனை நிமிர்த்துகிறாள். மோட்டார் சைக்கிளின் இடுப்பில் கைவைத்து இடமும் வலமும் ஆட்டுகிறாள். உள்ளே ஒளிந்திருந்த காற்றுக்குமிழ் ஒன்று புளக்கென்று மேலே வருகிறது. இன்னும் ஒரு மூடியளவு ஊற்றுகிறாள்.

"பாதி டாங்கோட விட்டா மிச்சத்துல காத்து இருக்கும். காத்துல ஈரம் இருக்கும். அந்த ஈரம் மார்ச்சுக்குள்ள துருவாயிடும்" என்கிறாள். பக்கத்தில் ஆள் இருக்கவேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு அக்டோபரிலும் இதே இடத்தில் இதே சொற்களைச் சொல்வாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான பின்சந்தில் நின்று இருபத்திரண்டு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அறுபத்தொரு வயது. குள்ளம், அகன்ற தோள், கிராப்பு வெட்டிய நரைமுடி. வாயில் எந்நேரமும் ஒரு கறுப்பு உப்புமிட்டாய் கிடக்கும். பின்லாந்துக்காரர்களின் மிட்டாய் அது. அங்கிருந்து வந்தவர்கள் நிறைந்த இந்த ஊரில் பாதித் தெருவுக்கு அதுதான் வெற்றிலை பாக்கு. ஒருமுறை எனக்கும் கொடுத்தாள். நவச்சாரத்தைத் தெரிந்தே மிட்டாயில் போட்டுத் தின்னும் ஜனங்களும் இருக்கிறார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். நான் துப்பியதைப் பார்த்து, "ரெண்டு குளிர்காலம் ஆகட்டும், கேட்டு வாங்கித் திம்ப" என்றாள். இருபத்திரண்டு ஆகிவிட்டன. இன்னும் கேட்கவில்லை.

அவள் வேலை, நகரத்தின் பனி தள்ளும் லாரி ஓட்டுவது. பதினாலாம் எண் லாரி. முன்னால் ஓர் ஆள் உயரக் கத்தி, பக்கவாட்டில் மடித்து விரிக்கும் இறக்கை ஒன்று. ஏரிக்கரையிலிருந்து ஆஸ்பத்திரி மேடு வரை அவளுடைய பாதை. நான் அதே லாரிக் கொட்டகையில் மேசைக்காரன். யாருக்கு எந்த லாரி, எந்தத் தெரு என்று பட்டியல் போடுவதும், பனி விழும் நாட்களில் ரேடியோவின் முன் உட்கார்ந்திருப்பதும் என் பிழைப்பு. மற்ற ஓட்டுநர்கள் ரேடியோவில் வானிலையைத் திட்டுவார்கள், வீட்டுக் கதை பேசுவார்கள். ஹெல்வியிடமிருந்து வருவது இரண்டே சொல்: "பதினாலு. சுத்தம்." இருபத்தெட்டு வருடத்தில் அவள் இடித்தது ஒரே ஒரு தபால்பெட்டி. அதற்கும் மறுநாளே புதுக்கால் நட்டுவிட்டு வந்தாள்.

கோடையில் அதே தெருக்களில் குழி அடைப்பாள். மாலையானால் எழுபத்தொன்பதாம் வருடத்து இரட்டை சிலிண்டர் யமஹாவை எடுத்துக்கொண்டு ஏரியோரமாகப் போவாள். எங்கே போகிறாள் என்று கேட்டால், "திரும்பி வர்றதுக்குத்தான்" என்பாள்.

வண்டியை மூடிவைப்பது அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை. பெட்ரோல் கெடாமலிருக்க ஒரு மருந்தை ஊற்றி, அது கார்புரேட்டர் வரை இறங்குவதற்காகத் தெருவை நாலு சுற்று சுற்றுவாள். எஞ்சின் சூடாக இருக்கும்போதே பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புதிது விடுவாள். அழுக்கு எண்ணெயோடு தூங்கவைத்தால் அது உள்ளேயிருந்தே அரிக்கும் என்பாள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுவாள். சைலன்ஸர் வாயில் இரும்பு நாரைத் திணிப்பாள், எலிக்காக. ஒரு வசந்தத்தில் என் வீட்டுப் பறவைத் தட்டிலிருந்து போன சூரியகாந்தி விதை அவள் சைலன்ஸரில் கால்படி கிடந்தது. "விதை உன் வீட்டுது, எலி என் வீட்டுது" என்று அந்த வருடம் முழுக்கச் சொல்லிக் காட்டினாள். நாரின் நுனியில் சிவப்புத் துணி கட்டித் தொங்கவிடுவாள், மறந்துபோய் அப்படியே கிளப்பிவிடக் கூடாது என்று. கடைசியாகப் பழைய படுக்கைவிரிப்பைப் போர்த்தி, கயிறு சுற்றி, பக்கவாட்டில் இரட்டைச் சுருக்கு. பிளாஸ்டிக் உறை போடவே மாட்டாள். "அதுக்குள்ள வேர்த்துக் கொட்டும்" என்பாள். எல்லாம் முடிந்ததும் கராஜ் சுவரில் பென்சிலால் தேதி எழுதுவாள்.

பேட்டரி மட்டும் வீட்டுக்குள் போகும். சாமான் அறைத் தட்டில், மாவு டப்பாக்களுக்கு நடுவே ஒரு பலகைமேல் உட்காரும். அங்கேதான் வருடாவருடம் ரொசேருக்கும் அவளுக்கும் தகராறு.

ரொசேர் அவள் கணவர். பிரெஞ்சுக்காரர், ஆறடி உயரம், பிசைந்த மாவு மாதிரி மெத்தென்ற கை. ஆஸ்பத்திரிச் சமையலறையில் முப்பது வருடம் கிண்டி ஓய்வுபெற்றவர். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அந்த வண்டியில் ஒருமுறையும் உட்கார்ந்ததில்லை.

"சாப்பாட்டுச் சாமான் நடுவுல அமிலம் வைக்கிற வீடு இந்த ஊர்லயே இது ஒண்ணுதான், முதலாளி" என்பார். அவளை முதலாளி என்றுதான் கூப்பிடுவார்.

"அதுக்குக் குளிர் ஒத்துக்காது. உனக்கும்தான் ஒத்துக்காது. உன்ன வீட்டுக்குள்ள வச்சுக்கலையா நான்?"

போன ஏப்ரலில் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கும்போது அவள் வலது தோளில் தசை கிழிந்தது. அவள் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. ஆறு வாரம் கையைக் கழுத்தில் தூளி கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தாள். தோள் ஆறிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னாள். மேல் அலமாரியில் எதையாவது எடுக்கவேண்டியிருந்தால் மட்டும் இடது கையால் எடுத்தாள்.

இந்த வருடம் அக்டோபர் நடுவில், வியாழக்கிழமை, எல்லைக்கு அந்தப்பக்கம் இருந்த சிற்றப்பன் மகளின் சாவுக்குப் பஸ் ஏறினாள். ஞாயிறன்று திரும்பினாள். அடுத்த சனிக்கிழமை காலையில் சந்தில் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"ஷென், கொஞ்சம் இங்க வா."

என் பெயர் செண்பகராமன். அதில் அவர்களுக்கு நாக்கு எட்டியது அவ்வளவுதான்.

கராஜ் கதவு திறந்திருந்தது. உள்ளே வண்டி போர்த்தி நின்றது. கயிறு, பக்கவாட்டில் இரட்டைச் சுருக்கு, சைலன்ஸர் இரண்டிலும் சிவப்புத் துணி.

"முடிச்சுட்டீங்களா?" என்றேன்.

"அதத்தான் உன்ன கேக்கறேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் பென்சிலால் இடது புருவத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"இன்னைக்குச் செய்யலாம்னு வந்தேன். பாத்தா, செஞ்சு இருக்கு. எண்ணெய எடுத்துப் பாத்தேன், புதுசு. டாங்கு நிறைஞ்சிருக்கு. பேட்டரி மாவு டப்பா பக்கத்துல உக்காந்திருக்கு. இந்தச் சுருக்க என்னத் தவிர யாரும் போட மாட்டாங்க. ஆனா நான் போட்டதா எனக்கு ஞாபகமே இல்ல."

"ரொசேரைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். ஊருக்குப் போறதுக்கு மொத நாள், புதன்கிழமை சாயங்காலம், நான்தான் கராஜ்ல இருந்தேனாம். உண்மைதான், இருந்தேன். பெட்டி எடுக்கப் போனேன். பெட்டி எடுத்தது ஞாபகம் இருக்கு. மத்தது இல்ல."

சுவரைக் காட்டினாள். போன வருடத் தேதி வரை வரிசையாக இருந்தது. இந்த வருடம் இல்லை.

"எழுதவும் இல்ல. செஞ்சேன்னா ஏன் எழுதல? எழுதலன்னா எப்படிச் செஞ்சேன்?"

சளிக்கு மருந்து குடித்துக்கொண்டிருந்தீர்களே, சாவுச் செய்தி வேறு, அந்தக் குழப்பத்தில் மறந்திருக்கும் என்று ஏதோ சொன்னேன். நான் சொன்னதை என்னாலேயே நம்ப முடியவில்லை. அது ஒரு நாள் முழுக்கப் பிடிக்கிற வேலை. யாரும் தூக்கத்தில் செய்துவிட முடியாது. அவள் தலையை ஆட்டினாள். பிறகு, வழக்கமில்லாத வழக்கமாக, வாயிலிருந்த மிட்டாயை எடுத்துக் காகிதத்தில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"எங்கம்மாவுக்கு அறுபத்து மூணுல ஆரம்பிச்சுது. மொதல்ல காப்பிப் பாத்திரத்த சவுனாக் குளியலறையில வச்சுட்டுத் தேடினா. நாங்க எல்லாம் சிரிச்சோம். ரொசேர்கிட்ட சொல்லாத, ஷென். அவன் பயந்துடுவான்."

சொல்ல மாட்டேன் என்றேன். அதுதான் நான் செய்த தப்பு.

அடுத்த இரண்டு வாரம் அவளைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்ள ஆரம்பித்தாள்: அடுப்பு, சாவி, பால். வேலைக்குக் கிளம்பி, சந்து முனைவரை போய், திரும்பி வந்து கதவை இழுத்துப் பார்ப்பாள். கொட்டகையில் என் மேசைக்கு வந்து, "நேத்து நான் உன்கிட்ட என்ன சொன்னேன்?" என்பாள். நான் சொன்னால், "ஆமா, அதான்" என்று நிம்மதியாகப் போவாள். அரைமணி கழித்து இன்னொன்று கேட்பாள். எனக்கு என் ஞாபகத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அவள் சாப்பிட்ட ஏலக்காய் ரொட்டி ஒன்றா இரண்டா என்று ஒருநாள் நாங்கள் இருவரும் கால்மணி நேரம் விவாதித்தோம். முடிவு தெரியவில்லை.

டாக்டரிடம் போனாள். கடிகாரம் வரையச் சொன்னாராம். ஐந்து சொற்களைச் சொல்லி, வேறு பேச்சுப் பேசிவிட்டு, திரும்பக் கேட்டாராம்.

"அஞ்சும் சொன்னேன். முகம், வெல்வெட், தேவாலயம், சாமந்தி, செவப்பு. இப்பவும் வருது பாரு. ஒண்ணும் இல்ல, வயசுக்கு நல்லாவே இருக்கீங்கன்னாரு."

"அப்புறம் என்ன?"

"அப்புறம் என்னவா? ஒண்ணும் இல்லன்னா வண்டிய மூடினது யாரு?"

பாஸ் ஆனது அவளை இன்னும் குழப்பிவிட்டது. தோற்றிருந்தால் ஒரு விளக்கமாவது கிடைத்திருக்கும்.

நவம்பர் முதல் வியாழக்கிழமை, பனிக்காலப் பட்டியலைச் சுவரில் ஒட்டினேன். ஓட்டுநர்கள் அவரவர் பெயரைப் பார்த்து, வழக்கமான முணுமுணுப்போடு கலைந்தார்கள். ஹெல்வி மட்டும் நின்றாள். எல்லோரும் போனபின் பதினாலாம் லாரியின் சாவியை என் மேசைமேல் வைத்தாள்.

"இத வேற யாருக்காவது குடு."

"என்ன பேசறீங்க?"

"பதினோரு டன்னு, ஷென். பள்ளிக்கூட வாசல்ல ஒரு நிமிஷம் எனக்கு ஒண்ணும் தெரியாமப் போச்சுன்னா? ஒரு நாள் பூரா வேல செஞ்சுட்டு அது தெரியாம நிக்கிறவ நான். ஒரு நிமிஷம் எம்மாத்திரம்?"

"டாக்டர் சரின்னு சொல்லிட்டாரே."

"டாக்டர் கராஜ வந்து பாக்கல."

சாவியில் ஒரு மான்கொம்புத் துண்டு கோத்திருந்தது, இருபத்தெட்டு வருடத் தேய்மானத்தில் வழவழவென்று. அதை எடுத்துத் திருப்பிக் கொடுக்க என் கை எழவில்லை. கொடுத்து, அவள் சொன்னது போல ஏதாவது நடந்தால்? வாங்கிக்கொண்டு, அவளுக்கு ஒன்றுமே இல்லை என்றால்? திங்கட்கிழமை வரை மேற்பார்வையாளரிடம் சொல்லாமல் வைத்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். சரி என்று, வெறுங்கையோடு குழி அடைக்கும் வண்டிப் பக்கம் நடந்தாள்.

மாலையில் வீடு திரும்பியதும் நேராக ரொசேரிடம் போனேன். வியாழக்கிழமை என்பதால் பட்டாணி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. அது பின்லாந்து சூப் என்று அவளும், பிரெஞ்சு சூப் என்று அவரும் இருபத்தாறு வருடமாகச் சண்டை. சாப்பிடுவது ஒரே பானையில்.

"உக்காரு, ஷென். ஒரு கிண்ணம் குடி."

"ஹெல்வி லாரிச் சாவியத் திருப்பிக் குடுத்துட்டாங்க."

கரண்டி நின்றது. "எதுக்கு?"

சொல்லாதே என்று கேட்டுக்கொண்டாள்தான். ஆனாலும் சொன்னேன். அம்மாவைப் போல ஞாபகம் போகிறது என்று நினைக்கிறார்கள், வண்டியை மூடியது அவர்களுக்கு ஞாபகமில்லை, டாக்டரிடம்கூடப் போய்வந்தார்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

ரொசேர் அடுப்பை அணைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த உயரமான மனிதர் உட்கார்ந்தபிறகும் இன்னும் கீழே இறங்கிக்கொண்டே இருப்பது போலத் தோன்றியது.

"டாக்டர்கிட்டயா போனா? என்கிட்ட பல்லு வலின்னு சொன்னாளே."

"ரொசேர், வண்டிய மூடினது யாரு?"

"நான்தான்."

அவரே தொடர்ந்து சொன்னார். அவள் ஊருக்குப் போன மறுநாள், வெள்ளிக்கிழமை, காலையிலிருந்து சாயங்காலம் வரை செய்தாராம். அந்தத் தோளோடு அவள் மறுபடி வண்டியை ஸ்டாண்டில் ஏற்றக்கூடாது, ஏப்ரலில் கேட்ட அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்கத் தன்னால் முடியாது என்று செய்தாராம். திரும்பி வந்ததும் காட்டி, அவள் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று ஆசை.

"எல்லாம் அவ செய்யற மாதிரியேதான் செஞ்சேன். ஆனா வரிச மாறிப்போச்சு. பிளக்க மொதல்ல கழட்டிட்டேன். ஓட்ட தொறந்து கெடக்கு. அப்புறம் பேட்டரியக் கழட்டும்போது நட்டு ஒண்ணு கையில இருந்து தெறிச்சுது. டிங்னு ஒரு சத்தம். அவ்ளோதான், தேடறேன் தேடறேன், எங்கயும் இல்ல. எஞ்சினுக்குள்ள போயிடுச்சு, ஷென். ஒரு கரண்டி எண்ணெய்கூட ஊத்தாம பிளக்க மாட்டி மூடிட்டேன்."

"அத அவங்ககிட்ட சொல்ல வேண்டியதுதானே."

"மெக்கானிக் ஒருத்தன் பதினஞ்சாம் தேதி வர்றேன்னான். அவ வேலைக்குப் போன நேரத்துல சத்தமில்லாம எடுத்துட்டு, அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். ஆனா அதுக்குள்ள அவ சட்டுனு வந்து, 'வண்டிய நானா மூடினேன்'னு கேட்டா. வாயில வந்துது, ஆமா நீதான், புதன்கிழமைன்னு. அவ ஒண்ணும் சொல்லாமப் போனா. சரி, நம்பிட்டா, தப்பிச்சோம்னு நெனச்சேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவ எதுக்குக் கேட்டான்னு நான் யோசிக்கவே இல்ல."

எனக்குக் கோபமாக வந்தது. ஆனால் அவள் பயத்தை இரண்டு வாரம் பத்திரமாக ஒளித்து வைத்திருந்தவன் நான். அன்றே இவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அப்போதே முடிந்திருக்கும்.

வாசலில் ஹெல்வியின் காலணிச் சத்தம் கேட்டது. நான் எழுந்தேன். ரொசேர் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவள் உள்ளே வந்து அணைந்த அடுப்பைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். உள்ளங்கையைத் திருப்பி அதில் எழுதியிருந்ததையும் பார்த்துக்கொண்டாள், தான் எதையோ மறந்துவிட்டோமோ என்று. அதை ரொசேரால் தாங்க முடியவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டார், நட்டு உள்பட, ஒன்று விடாமல்.

ஹெல்வி கோட்டைக் கழற்றவில்லை.

"எந்தப் பக்கத்துத் தொளை?"

"இடது. இல்ல, நான் நின்ன பக்கம்... எதுத்தாப்ல இருந்து பாத்தா வலது."

"முடிச்சு? அந்த முடிச்ச யார் சொல்லிக்குடுத்தா உனக்கு?"

"ஜன்னல்ல இருந்து பாக்கறேனே, இருபத்தாறு வருஷமா."

"ஷென் வீட்டுப் பறவையப் பாக்கறன்னுல்ல நெனச்சேன்."

"பறவைய யாரு பாத்தா."

அவள் முகம் கோபத்தின் பக்கம் திரும்புமா, சிரிப்பின் பக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். கடைசியில் மிகவும் சன்னமாகச் சொன்னாள்:

"ரெண்டு வாரம், ரொசேர். ரெண்டு வாரமா ஒவ்வொரு காலையும் எந்திரிச்சு என் பேர எனக்கே சொல்லிப் பாத்துக்கிட்டேன். நீ சூப் காய்ச்சிக்கிட்டு இருந்த."

பின்கட்டுக்குப் போய் சவுனா அடுப்பை மூட்டினாள். புகைபோக்கியிலிருந்து புகை வந்தது. வாரத்தில் இரண்டு நாள் இருவரும் ஒன்றாக உட்காரும் நீராவிக் குளியல் அறை அது. அன்று அவள் தனியாகப் போய்த் தாழிட்டுக்கொண்டாள். ரொசேர் இரண்டு கிண்ணத்தில் சூப்பை ஊற்றி, இரண்டும் ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. சனிக்கிழமை காலை சந்திலிருந்து குரல் வந்தது.

"ஷென், அன்னைக்கு உன் சாக்கடைக் குழாயில விட்டுப் பாத்தியே, அந்தச் சின்னக் கேமரா. அத எடுத்துட்டு வா."

கராஜில் போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. பிளக் இரண்டும் கழன்றிருந்தன. ரொசேர் வாசல்படியில், உள்ளே வரலாமா என்று தெரியாமல் நின்றார்.

"பேட்டரியக் கொண்டா" என்றாள் ஹெல்வி, அவர் பக்கம் திரும்பாமல்.

கொண்டுவந்தார். மாவு ஒட்டியிருந்தது. அவள் அதை வெளிச்சத்தில் திருப்பினாள். ஒரு முனையின் போல்ட்டில் நட்டு இல்லை. மறுமுனையைப் பார்த்தாள். விரலால் தடவினாள். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"ரொசேர், இங்க எத்தன நட்டு இருக்கு?"

"ஒண்ணு. இன்னொண்ணுதான்..."

"எண்ணு."

அவர் குனிந்தார். ஒரே போல்ட்டில், ஒன்றன்மேல் ஒன்றாக, இரண்டு நட்டுகளும் திருகியிருந்தன. இரண்டையும் அவரே, அந்த மெத்தென்ற விரல்களால், ஒழுங்காக இறுக்கி வைத்திருக்கிறார். எஞ்சினுக்குள் போன நட்டு மூன்று வாரமாக அவருடைய மாவு டப்பாவுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

"அப்ப அந்த டிங்கு?" என்றார் ரொசேர்.

ஹெல்வி தரையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"தெரியல" என்றாள். "ஏதோ விழுந்திருக்கு."

விழுந்தது எதுவென்று தெரியாததால் கேமராவை இரண்டு துளையிலும் விட்டுப் பார்த்தோம். மூன்று தலையும் ஒரு சின்னத் திரைமேல் கவிழ்ந்தன. கரி படிந்த பிஸ்டன் தலைகள் தெரிந்தன. வேறொன்றும் இல்லை. ஹெல்வி கேமராவை ஒவ்வொரு மூலைக்கும் திருப்பினாள், பிறகு மறுபடியும் முதலிலிருந்து. எதுவும் இல்லை. அந்தச் சத்தம் என்னவென்று இன்றுவரை தெரியாது. ரொசேர் மட்டும் கேட்டது கேட்டதுதான் என்கிறார்.

நான் கேமராவைச் சுருட்டும்போது அவள் என் முன்னால் கையை நீட்டினாள். கழுவியும் முழுதாகப் போகாத பேனா மை உள்ளங்கையில் நீலமாக இருந்தது. திங்கட்கிழமை வரை காத்திருக்க எனக்கும் பொறுமை இல்லை. லாரிச் சாவியைக் கால்சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். மான்கொம்புத் துண்டோடு அதை அந்தக் கையில் வைத்தேன். அவள் பையில் போட்டுக்கொண்டாள்.

"எண்ணெய் இன்னும் விடல" என்று, மறுபடி வாசல்படிக்குப் போயிருந்த ரொசேர் மெதுவாகச் சொன்னார்.

"தெரியும். வா இங்க."

அவர் வந்தார். அவள் ஒவ்வொரு துளையிலும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டாள். கியரைப் போட்டாள். பிறகு ரொசேரின் வலது கையைப் பிடித்து, கட்டைவிரலை எடுத்து, இடதுபக்கத் துளையின்மேல் வைத்து அழுத்தினாள்.

"எடுக்காத."

பின்னால் போய்க் குந்தி, பின்சக்கரத்தை இடது கையால் மெல்லச் சுற்றினாள். உள்ளே பிஸ்டன் எழும்பி வந்தது. பிறகு, காற்று முட்டி, விரலை மேலே தூக்கிவிட்டது. அவர் மணிக்கட்டு வரை எண்ணெய் தெறித்தது.

"முட்டுது" என்றார்.

"முட்டும். வை."

மறுபடி வைத்தார். அவள் மறுபடி சுற்றினாள். எண்ணெய் பரவுவதற்கு மூன்று சுற்றுப் போதும். அவள் எத்தனை சுற்றினாள் என்று நான் எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த உயரமான மனிதர் அதே மாதிரி திடுக்கிட்டார்.

பிறகு எழுந்து வந்தாள். கந்தல் துணி பெஞ்சியில் மடித்து வைத்தபடியே இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. தன் சட்டைக் கையை உள்ளங்கை வரை இழுத்துவிட்டுக்கொண்டு, ரொசேரின் கட்டைவிரலை, நகக்கண்ணிலிருந்து அடிவரை, அதனால் துடைத்தாள்.